பூட்டு மாமாவின் ஒன்பது கேசட்டுகள்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். காபி போட்டுத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் உங்கள் அப்பாவின் ரசிகன் இல்லை.

அந்தப் போட்டோவை உள்ளே வையுங்கள். அதில் சால்வையோடு நிற்பது நான்தான். மறுக்கவில்லை. பின்னால் 'என் முதல் ரசிகர்' என்று எழுதியிருப்பது உங்கள் அப்பா கையெழுத்தாகவே இருக்கட்டும். அதை நம்பி மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. அவர் விவரம் தெரியாமல் எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நகைமுரசு நவநீதன் பாடிப் பதிவான எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் புத்தகமாக்க வேண்டும், பாட்டுகளை இணையத்தில் ஏற்ற வேண்டும். முதலில் வந்த 'நையாண்டித் தோரணம்' உங்களிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பூட்டு மாமா கேசட்டுகள் ஒன்பதும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், மூல நாடாவின் மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள், உங்கள் வீட்டில் இருந்தது மழைத்தண்ணீரில் போய்விட்டது. எல்லாம் எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். ஒன்பதும் என்னிடம் இருக்கின்றன. தருகிறேன்.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, உங்கள் புத்தகத்தில் எங்கேயும் என் பெயர் வரக் கூடாது. இரண்டு, என்னைப் பற்றி உங்கள் அப்பாவுக்குத் துப்புக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

புரியவில்லையா? பூட்டு மாமா நான்தான் அம்மா.

சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. சிரிப்பு உங்களுக்கு அப்பா வழி வந்த பிதுரார்ஜிதம். நான் காத்திருக்கிறேன்.

சொல்கிறேன். நான் அஞ்சல் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் இதே நல்லமங்கலத்தில் போஸ்ட் மாஸ்டர். ஒரு கடிதம் தொலைந்தது என்று என் மேல் புகார் கிடையாது. அடுத்தவர் அஞ்சலட்டையில் ஒரு வரி படித்தது கிடையாது. அட்டை திறந்துதானே இருக்கிறது, கண் போகாதா என்று கேட்பார்கள். போகாது. கண்ணுக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும்.

எண்பத்தெட்டாம் வருடம் ஆவணி மாதம் திருச்செந்தூர் போனோம், நானும் வீட்டில் அவளும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகப் போனதில்லை, அந்த வயதெல்லாம் தாண்டியாயிற்று. சும்மா போனோம். பேருந்தில் டிரைவர் ஒரு கேசட் போட்டார். அதுதான் 'நையாண்டித் தோரணம்'. சினிமாப் பாட்டு மெட்டை எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் வரிசை, மாமியார் வருகை, கரண்டு போன கல்யாணம் என்று வேறு வார்த்தை போட்டுப் பாடுவது. "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று அவளைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பேருந்து அப்படி.

கேசட் முடிகிற இடத்தில் உங்கள் அப்பா பேசுவார், நினைவிருக்கிறதா? "நேயர்களே, உங்க வீட்டுலயும் வேடிக்கை இருக்கும். ஒரு கார்டு போடுங்க. பாட்டா வரும். தபால் பெட்டி எண் இன்னது, மதுரை." அதைக் கேட்டதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தபால் பெட்டி எண்ணுன்னா என்னங்க? பேரு எழுத வேண்டாமா?"

"வேண்டாம். நம்பர் போட்டாலே போதும். பெரிய ஆபீசில் பெட்டி இருக்கும், சாவி வாடகைக்காரரிடம் இருக்கும், வந்து எடுத்துக்கொள்வார்."

"அனுப்பறவங்க பேரும் போட வேண்டாமா?"

"கட்டாயமில்லை."

"போய்ச் சேந்துருமா?"

"நான் இருக்கும்போது சேராமல் எப்படிப் போகும்?"

திருச்செந்தூர் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். எந்த நேரம் பெட்டி எடுப்போம், எந்தப் பையில் போடுவோம், எப்படி அரக்கு வைப்போம், எல்லாம் கேட்டாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் அக்கறையாக விசாரித்தது அந்த ஒரு நாள்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

தை மாதம். பஸ் நிலையத்தில் இப்ராகிம்சா கேசட் கடை. நான் ஆபீஸ் விட்டு வருகிறேன், கடை வாசல் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது.

பூட்டினாரா மாமா பூட்டினாரா
பூட்டை மூணுதரம் ஆட்டினாரா
தெருமுனை போனதும் திரும்பினாரா - அந்தத்
திண்டுக்கல் பூட்டையும் நம்பினாரா

நின்றுவிட்டேன். ஊரில் பூட்டுப் போடுகிறவர் ஆயிரம் பேர் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த அடியில், டெலிபோன் டயலுக்கு ஒரு பூட்டு, டிவி பெட்டிக்குக் கதவு வைத்து ஒரு பூட்டு, காபிப்பொடி டப்பாவுக்கு ஒரு பூட்டு, பூசை அறைச் சாமிக்கு ஒரு பூட்டு. நாலும் ஒரே வீட்டில் இருப்பது இந்த ஊரில் இந்த ஒரு வீடுதான். காபிப்பொடியை யாரிடமிருந்து பூட்டினேன் என்று கேட்காதீர்கள். யாரிடமிருந்தும் இல்லை. அது ஒரு ஒழுங்கு.

கடைக்குள் போனேன்.

"இது எத்தனை இருக்கு?"

"முப்பது வந்துச்சு சார். ரெண்டு போயிருச்சு. ஒண்ணு டீக்கடை, இன்னொண்ணு யாரோ ஒரு அம்மா."

"எந்த அம்மா?"

"முக்காடு போட்டிருந்தாங்க சார். எங்காளுகளா இருக்கும்னு நான் பேரு கேக்கல."

"மிச்சம் இருபத்தெட்டையும் கட்டு."

"இருபத்தெட்டுமா? ஏதும் விசேசமா சார், தாம்பூலப் பையில போடுறாப்லயா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் இருந்ததையும் பேசி வாங்கிவிட்டேன். அந்த முக்காடு போட்ட அம்மாவை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படியோ, ஊர் காதில் விழவில்லை. வெளியூர்க்காரன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அவனுக்கு என்னைத் தெரியாது.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான்கே மாதத்தில் இரண்டாவது வந்தது. என்ன திமிர் பாருங்கள். முதல் கேசட்டை ஒரு ஆள் கேட்கவில்லை. அப்படியும் இரண்டாவது போடுகிறார் உங்கள் அப்பா! இந்த முறை இப்ராகிம்சா அறுபது எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க சார், உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன். கம்பெனிக்காரர் வந்திருந்தாரு. மத்த ஊர்லல்லாம் தூசி படிஞ்சு கெடக்காம். நம்ம ஊர்லதான் வந்த அன்னைக்கே காலி. அதை நம்பித்தான் ரெண்டாவது போட்டாங்களாம்."

வியாபாரிகள் பேச்சு எப்போதும் அப்படித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுபதையும் வாங்கினேன். மூன்றாவதற்கு நூறு வந்தது. நூறையும் வாங்கினேன். ஒன்றையும் விடவில்லை.

இரண்டாவது கேசட்டில் ஒரு விஷயம் கவனித்தேன். பூட்டை 'மூணுதரம் ஆட்டினாரா' என்றது 'அஞ்சுதரம்' என்று மாறியிருந்தது. ஐந்துதான் சரி. அப்படியென்றால் யாரோ அவருக்குத் தவறைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்க்கிற யாரோ. அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது.

வழக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். அதற்குச் சாட்சியம் வேண்டும். பாட்டைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். எனக்குக் கேட்டுக்கொண்டே எழுத வராது. அவளுக்கு நல்ல கையெழுத்து, எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கேசட் வந்தால் பத்து நாளைக்கு எங்களுக்கு இதே வேலை. ஆபீஸ் விட்டு வந்ததும் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, டேப் ரிக்கார்டரைக் கீழே வைத்துச் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன். சத்தம் குறைவு என்பதால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் நான் முன்னறையில் பேப்பரோடு இருப்பேன், அவள் உள்ளே இருப்பாள். வீடு என்றால் அப்படித்தானே.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'உண்மை', 'மிகை', 'பொய்' என்று நான் குறிப்புச் சொல்வேன், அவள் எழுதுவாள்.

"'சில்லறையைத் தலையணை உறைக்குள் தைத்தார்.' மிகை என்று போடு."

"உண்மைன்னு சொல்லுங்க."

"எப்படி உண்மையாகும்?"

"போன செவ்வாக்கிழமை தச்சது யாரு? நானா?"

"சரி, உண்மை."

நிதானமான பொம்பளை. "அந்த வரி சரியா விழல, இன்னொருக்கா போடுங்க" என்பாள். பின்னால் ஓட்டிப் போடுவேன். சில வரிக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. அதிலும் அந்த நாட்களில் அவளுக்கு எப்படியோ ஜலதோஷம் வந்து சேரும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் எழுதுவாள், கண்ணெல்லாம் தண்ணீர். அப்படியும் வேலையை நிறுத்த மாட்டாள். "போதும், நாளைக்குப் பார்ப்போம்" என்று நான் சொன்னால், "இன்னும் ஒரு பாட்டு" என்பாள். என் மானத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

நோட்டைக் கொண்டுபோய் வக்கீல் சங்கிலிராஜிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். மூன்றாவது கேசட்டில் இருந்த ஒரு பாட்டில் வந்து நின்றார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாமா மாமா சாவி எங்கே?
மாடக் குழியில் காணோம் அங்கே
பீரோ மேலே தேடிப் பார்த்தேன்
பெட்டிக் குள்ளே தேடிப் பார்த்தேன்
மாமா மாமா சாவி எங்கே?

இதற்குக் கோரஸ் ஆட்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள்: 'அரைஞாண் கயித்துல!'

"சார், இதுல உங்க பேரு இல்ல, ஊரு இல்ல, உத்தியோகம் இல்ல" என்றார் வக்கீல். "இது நீங்கதான்னு கோர்ட்ல நாமதான் நிரூபிக்கணும். நீங்க கூண்டுல ஏறி வேட்டியைத் தளர்த்திச் சாவியைக் காட்டணும். நான் ரெடி. நீங்க ரெடியா?"

வழக்கை நிறுத்திவைத்தேன்.

ஆனால் அந்தப் பாட்டு எனக்கு ஒரு வழியில் உதவியது. வேட்டிக்கு உள்ளே இருப்பது வெளியே எப்படித் தெரியும்? பார்த்தவர்கள் எத்தனை பேர்? டாக்டர் தேவசகாயம் எனக்குக் குடலிறக்கம் பார்த்திருக்கிறார். டாக்டரை மாற்றினேன். பாவம், நல்ல கைராசிக்காரர். நாலாவது கேசட்டில், முடிவெட்டும்போது கண்ணாடியில் நான் காசுப்பையையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று வந்தது. சலூன் பிச்சைமணியிடம் போவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் கேசட் வந்தது. எதிர்வீட்டுத் தனலட்சுமியோடு அவள் பேசக் கூடாது என்று சொன்னேன். அவளும் பேசவில்லை. அதற்குப் பிறகும் வந்தது. ஐந்தாவதில் நான் தூக்கத்தில் என்ன சொல்கிறேன் என்று ஒரு பாட்டு! தூக்கத்தில் நான் பேசுவது எனக்கே தெரியாது. அவளைக் கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் பேச மாட்டீங்க, அது பொய்" என்றாள். 'பொய்' என்றே நோட்டில் எழுதினாள்.

ஆபீசிலேயே பார்த்திருக்கலாமே என்பீர்கள். உண்மை. மதுரைத் தபால் பெட்டிக்குப் போகிற அட்டை இந்த ஊரிலிருந்து போனால் என் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். பேக்கர் அந்தோணிமுத்து முத்திரை குத்திப் பிரித்துக் கட்டுவார், நான் பையைக் கட்டி அரக்கு வைப்பேன். கட்டை அவிழ்த்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். பார்க்கவில்லை. சொந்தக் காரியத்துக்காக ஒரு கட்டைப் பிரித்தால் அப்புறம் முப்பத்தாறு வருடத்துக்கு என்ன அர்த்தம்? அதனால் என் எதிரியின் அட்டைக்கு நானே அரக்கு வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவும் நேரம் தவறாமல்.

இனி அந்தப் போட்டோ.

ஐந்தாவது கேசட் வந்த அடுத்த பங்குனி. அம்மன் கோயில் பொங்கலுக்கு விழாக் கமிட்டிக்காரர்கள் உங்கள் அப்பாவையே கூப்பிட்டுவிட்டார்கள். நல்லமங்கலத்தில் நவநீதன் கேசட் வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது என்று இப்ராகிம்சா சொல்லியிருக்கிறார். நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். "யாரு துப்புக் கொடுத்தான்னு அங்க தெரிஞ்சாலும் தெரியும், வாங்க போவோம்" என்றாள் அவள். அதில் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், அரை மணி நேரத்தில் வீடு. அவள் வெளியே போகிறது அவ்வளவுதான். அப்படிப்பட்டவளே கூப்பிடுகிறாள் என்று கிளம்பினேன்.

உங்கள் அப்பா மேடைக்கு வந்தார். சின்ன ஆள், பச்சை ஜிப்பா. ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் இருந்தார்கள், கோரஸ் ஆட்கள்தான் இல்லை. பாடினார். நன்றாகத்தான் பாடினார். குரலில் நான் குறை சொல்லவில்லை. ஊரும் சிரித்தது. ஆனால் முதல் தடவை கேட்கிற சிரிப்பு அது, கொஞ்சம் தாமதமாக வந்தது. பிறகு சாவிப் பாட்டு. 'மாமா மாமா சாவி எங்கே?' என்று பாடி, பதிலுக்கு மைக்கை ஊர் பக்கம் நீட்டினார்.

சத்தமில்லை.

ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மறுபடியும் 'சாவி எங்கே?' என்றார். மைக்கை நீட்டினார். ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது தடவையும் நீட்டினார். தபேலாக்காரர் நிறுத்திவிட்டார். உங்கள் அப்பா மட்டும் கையை மடக்கவே இல்லை. சிரித்த முகத்தோடு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை அம்மா. பதில் இருக்கிறது. பதில் எனக்குத் தெரியும். ஒரு மனிதர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு மணியார்டர் வந்து, வாங்க ஆள் இருந்தும் கொடுக்காமல் வைத்திருப்பது மாதிரி இருந்தது.

"அரைஞாண் கயித்துல!" என்று கத்திவிட்டேன்.

ஊர் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். உங்கள் அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஐயா, மேல வாங்க" என்றார். போனேன், வேறு என்ன செய்வது? தன் தோளில் கமிட்டிக்காரர்கள் போட்டிருந்த சால்வையை எடுத்து எனக்குப் போட்டார். "இந்த ஐயா ஒருத்தருக்காகவே பாடலாம்" என்று மைக்கில் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். ஊரே கைதட்டியது. அன்றிலிருந்து இந்த ஊரில் நான் நவநீதன் ரசிகன். தன்னைக் கேலி செய்தவனுக்கே ரசிகன் என்று பேர் வாங்கியவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் அவள் சொன்னாள், "சால்வை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் அதே கதைதான். ஒன்பதாவதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், உங்கள் பட்டியலுக்கு உதவும். ஒன்பதாவது சரியில்லை. தொண்ணூற்று நாலு கடைசியில் வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்னால்தான் அவள் தவறியிருந்தாள், சித்திரை மாதம். மதுரை ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தாள். கேசட் வந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் வாங்கினேன். நானே தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஒரு வரி உண்மை இல்லை. பூட்டு மாமா குடையைப் பூட்டுகிறார், செருப்பைப் பூட்டுகிறார். நான் என்றைக்குச் செருப்பைப் பூட்டினேன்? எல்லாம் இட்டுக்கட்டியது. எனக்குக் கோபம் வந்தது. கேலி செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்குத் திறமை வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பத்தாவது வரவே இல்லை.

அவ்வளவுதான் அம்மா. துப்புக் கொடுத்தவன் யார்? முப்பது வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் போய்விட்டார், பிச்சைமணி போய்விட்டான், அந்தோணிமுத்துவும் போய்விட்டார். நீங்கள் பெயரைச் சொல்லுங்கள், கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாதா? பிறகு பையிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்?

அஞ்சலட்டைகள். அப்பா பத்திரமாக வைத்திருந்தாரா? பெயர் இல்லை, 'ஒரு நேயர்' என்றுதான் இருக்கிறதா? பரவாயில்லை, கொடுங்கள். முத்திரை எங்கள் ஆபீஸ் முத்திரைதான். பாருங்கள், எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது. தேதி எல்லாம் சனிக்கிழமை. வெள்ளி சாயங்காலம் பெட்டியில் போட்டால் சனி காலையில்தான் முத்திரை விழும். கோயில் பக்கத்துப் பெட்டி அது.

கொஞ்சம் இருங்கள். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

ம்.

அடுத்தவர் அட்டையைப் படித்ததில்லை என்று சொன்னேன். முகவரிக்காரர் காலமாகிவிட்டார். வாரிசு நீங்கள், நீங்களே கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் படிக்கலாம். விதியில் இடம் இருக்கிறது.

"ஐயா, பஸ்ஸில் உங்கள் பாட்டுக் கேட்டேன். எங்கள் வீட்டிலும் வேடிக்கை உண்டு. கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்."

இது அடுத்தது. "ஐயா, இரண்டாவதையும் அவரே மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பத்து நாள் கேட்டோம். சோற்றுப்பானைப் பாட்டுக்கு அவரே சிரித்துவிட்டார். இருமல் என்று சொல்லிச் சமாளித்தார்."

அது இருமல்தான்.

ஆக உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்குகிறவன் ஒரே ஆள் என்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு ஆயிரம் பேருக்கு எதிரே மைக்கை நீட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக... என்னைத் தேடியா நின்றார்?

தண்ணீர் வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கடைசி அட்டை இதுதானா? தொண்ணூற்று நாலு, பங்குனி. எழுத்து கொஞ்சம் கோணியிருக்கிறது.

"ஐயா, நாளைக்கு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். திரும்பி வருவேனோ என்னவோ. நீங்கள் நிறுத்திவிடாதீர்கள். கேசட் வருகிற நாட்களில்தான் அவர் என் பக்கத்தில் உட்காருகிறார். நான் இல்லாவிட்டாலும் அவர் கேட்கட்டும். செய்தி இல்லையென்றால் எதையாவது இட்டுக்கட்டிப் பாடுங்கள். அது பொய் என்று கோபப்படவாவது செய்வார்."

ம்.

இதில் கையெழுத்து யாருடையது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் கேசட் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுகிறேன், பேச்சு பேச்சாக இருக்கட்டும். நீங்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் அம்மா. இல்லை, சாவி இங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிடம்.

சரி, திரும்பலாம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை. மேல்தாள் கிழிக்காமல் இருக்கின்றன. எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொடுங்கள். இந்த ஊரிலேயே கொடுங்கள், எதிர்வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் என்னென்ன போட்டிருக்கிறீர்கள்? எண், வருடம், பாடியவர், ஆர்மோனியம், தபேலா. பாடல் எழுதியவர் நவநீதன். சரி. அதற்குக் கீழே ஒரு வரி கூட்டுங்கள். 'செய்தி தந்தவர்' என்று போடுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். செண்பகவடிவு.

ஆமாம். வீட்டில் அவள்தான்.

அதோடு விட்டால் போதாது. படிக்கிறவன் யாரோ ஒரு பொம்பளை கற்பனையாகச் சொன்னது என்று நினைத்துக்கொள்வான். ஒரு வரி கற்பனை கிடையாது, நான் சாட்சி. பக்கத்திலேயே போடுங்கள், 'வெள்ளியம்பலம் மனைவி, போஸ்ட் மாஸ்டர் வீடு, நல்லமங்கலம்.' முதல் நிபந்தனை போனால் போகட்டும், அடித்துவிடுங்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை போடுங்கள். ஒன்பதாவது உங்கள் அப்பா சொந்தமாகச் செய்தது, அந்தப் பெருமை அவருக்கே இருக்கட்டும்.

எழுதிவிட்டீர்களா? எங்கே, சத்தமாக ஒரு தடவை படியுங்கள்.

ம்.

இன்னொரு தடவை.